காலும் தண்ணீரும் கயிறும்: ஒரு வருசச் சாகச வாசிப்பு

விசுவமடுவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அக்கா, போன வருசம் முழுக்கச் சாகசப் புத்தகங்களாகவே வாசித்தீர்களாம். அதில் உங்களுக்கு மிகவும் பிடித்தவை எவை? ஏ.எல். சோதனை எழுதிவிட்டு முடிவு வரும்வரை வீட்டில்தான் இருக்கிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?"

தம்பி, சோதனை முடிந்த கையோடு புத்தகம் தேடுகிறீர்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோசம். கேள்வி சின்னது, பதில் கொஞ்சம் நீளும். ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

தை தொடங்கி மார்கழி வரை 31 புத்தகங்கள் வாசித்தேன். பகலில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். வாசிப்பெல்லாம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். முள்ளியவளையை விட்டு எங்கேயும் போகாத வருசம் அது. அதனால்தான் கடல், பனி, காடு, தீவு என்று தேடித் தேடி எடுத்தேன். பாதி வருசம் போனபோது ஒன்று விளங்கியது. மனதில் நின்ற புத்தகங்கள் எல்லாவற்றிலும் எழுதியவர் காலைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் மூட்டையைப் பற்றியும் சரியாக எழுதியிருந்தார். வீரத்தைப் பற்றி நிறையப் பேசியவை ஒரு மாதத்தில் மறந்துபோயின. இது என் வளர்ப்பாகவும் இருக்கலாம். 1996இல் கிளிநொச்சியிலிருந்து மல்லாவிப் பக்கம் நடந்தபோது எனக்கு 11 வயது. அன்று யார் என்ன சொன்னார்கள் என்று ஞாபகமில்லை. செருப்பு வார் அறுந்ததும், அம்மா சேலைக் கரையைக் கிழித்து அதைக் கட்டிவிட்டதும், அந்தக் கட்டு பெருவிரலில் அராவியதும் இன்றைக்கும் ஞாபகம்.

அந்த வருசத்தின் முதல் புத்தகம் ரொபேர்ட் நொக்ஸ் எழுதியது. 1681இல் லண்டனில் வெளிவந்த, இலங்கையைப் பற்றிய பழைய ஆங்கிலப் புத்தகம். பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் அவர் பெயர் ஒரு வரியில் வந்து போகும், ஆனால் புத்தகத்தைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்ற கப்பல், திருத்த வேலைக்காகத் திருகோணமலைக்குப் பக்கத்தில் கொட்டியாரத்துக்கு வருகிறது. கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்டனையும் மாலுமிகளையும் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கப்டனின் மகன்தான் நொக்ஸ். பத்தொன்பது வயதில் பிடிபட்டவர், அதற்குமேல் இன்னும் பத்தொன்பது வருசத்துக்கு மேல் கண்டி இராச்சியத்துக்குள் இருக்கிறார்.

முதல் வருசமே தகப்பன் காய்ச்சலில் இறந்துவிடுகிறார். அடக்கம் செய்ய உதவி கேட்டால், ஊரவர்கள் மாடு கட்டும் கயிறொன்றைக் கொடுத்து, கழுத்தில் கட்டிக் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போகச் சொல்கிறார்கள். எப்படியோ ஆள் பிடித்து முறையாகப் புதைக்கிறார். அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு அன்றைக்கு மேலே போக முடியவில்லை, புத்தகத்தை மூடிவிட்டேன். இறந்தவரை வைத்துக்கொண்டு மண்வெட்டிக்கு அலைந்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்!

பிறகு அவர் குல்லாய் பின்னக் கற்றுக்கொண்டு, அதை விற்றுப் பிழைக்கிறார். ஒருநாள் ஒரு கிழவரிடம் ஆங்கில வேதாகமம் ஒன்று இருக்கிறது. கையில் மிச்சமிருந்த ஒரே பொற்காசைக் கொடுத்தாவது அதை வாங்கிவிட வேண்டும் என்று நினைக்கிறார். கடைசியில் ஒரு பின்னல் குல்லாயோடு பேரம் முடிகிறது. ஒரு புத்தகத்துக்கு ஒரு குல்லாய். இடம்பெயர்ந்த காலத்தில் ஒரு கொப்பிக்கு எதையெல்லாம் மாற்றினோம் என்று தெரிந்தவர்களுக்கு இந்த இடம் தித்திக்கும்.

நமக்கு முக்கியமான இடம் தப்பிப்போகும் கதை. நொக்ஸும் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழரும் ஊர் ஊராகப் போய்ச் சாமான் விற்பவர்களைப் போல வடக்கே வருகிறார்கள். அனுராதபுரம் தாண்டியதும் பாதையை விட்டுவிட்டு மல்வத்து ஓயாக் கரையைப் பிடிக்கிறார்கள். அதுதான் நம் அருவியாறு. 164 கிலோமீற்றர் ஓடி மன்னார்க் கடலில் விழுகிற ஆறு. மழைக்குத் தாளிப்பனை ஓலை, முள்ளுக்குச் செருப்புத் தைக்க ஒரு மான்தோல். இரண்டையும் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார் மனிதர். காட்டுக்குள் யானைக் கூட்டம், ஆற்றுக்குள் முதலை. கரை நெடுகப் பழைய கருங்கல் தூண்கள் நிற்கின்றன.  1679 ஒக்ரோபர் 18ஆம் திகதி அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டைக்கு வந்து சேர்கிறார்கள்.

இந்தப் பக்கத் தமிழர் நாட்டைப் பற்றியும் அவர் எழுதுகிறார். அது கண்டி அரசனுக்குக் கீழ்ப்படாத நாடு என்றும், அதன் தலைவன் 'கொய்லட் வன்னியா' என்றும் சொல்கிறார். பனங்காமத்துக் கைலாய வன்னியனைத்தான் அவர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார் என்று வரலாறு தெரிந்தவர்கள் சொல்வார்கள். மூன்றரை நூற்றாண்டுக்கு முன்னால் அச்சான ஒரு லண்டன் புத்தகத்தில் அந்தப் பெயரைக் கண்டபோது எழும்பி நின்று வாசித்தேன் என்றால் நம்புவீர்களா? பழைய ஆங்கிலம்தான், எழுத்துக்கூட்டல் முதலில் இடறும். இருபது பக்கம் பொறுத்துக்கொண்டால் பழகிவிடும். கூட்டன்பேர்க் இணையத்தளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது.

அரிப்பு என்றதும் ஜூல்ஸ் வேர்ண். கடலுக்கடியில் நீர்மூழ்கிக் கப்பலில் போகும் அவருடைய கதை 1870இல் வந்தது. பள்ளியில் அதன் சுருக்கத்தை வாசித்திருந்தேன். இந்த வருசம் முழுப் புத்தகத்தையும் எடுத்தால், நடுவில் கப்பல் மன்னார் முத்துப் பார்களுக்கு வருகிறது! சுருக்கத்தில் அந்த அத்தியாயத்தையே வெட்டியிருக்கிறார்கள். கப்டன் நெமோ கடலடியில் நடந்துகொண்டிருக்கும்போது, காலில் கல்லை இடுக்கி மூழ்கும் ஏழைக் குளிகாரன் ஒருவனைச் சுறா தாக்குகிறது. நெமோ கத்தியோடு பாய்கிறார். சுறா அவரையே விழுத்தும் நேரத்தில் கூட வந்த ஈட்டிக்காரர் நெட் லாண்ட் ஈட்டியால் அதைக் கொல்கிறார். குளிகாரனை மேலே கொண்டுவந்து உயிர்ப்பித்து, அவன் கையில் ஒரு பை முத்தை வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒடுக்கப்பட்ட நாட்டு மனிதன் அவன், கடைசி மூச்சுவரை நான் அவர்கள் பக்கம் என்ற பொருளில் நெமோ பிறகு பேசுகிறார். அந்தக் குளிகாரனுக்கு வேர்ண் ஒரு பெயர் வைத்திருக்கலாம் என்பதுதான் எனக்குக் குறை.

புரட்டாதியில் ஒரு விடுமுறை நாளில் மன்னாருக்குப் போய், அங்கிருந்து பஸ் எடுத்து அரிப்புக்குப் போனேன். முள்ளியவளையை விட்டுப் போகவில்லை என்றேனே, இந்த ஒருநாள் மட்டும் விலக்கு. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய ஆள்பதி நோர்த் 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கட்டிய மாளிகையை அங்கே அல்லிராணிக் கோட்டை என்கிறார்கள். கடல் மேட்டை அரித்து அரித்து, கட்டடத்தில் பாதி கீழே விழுந்து கிடக்கிறது. செங்கல் துண்டுகள் அலையில் உருண்டு பிட்டுக் கட்டிபோல வழவழப்பாகிவிட்டன. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன், நடுவில் சுண்ணாம்புக் காரை இன்னும் விடாமல் ஒட்டியிருந்தது. இரண்டு புத்தகங்களும் ஒரே கரைக்கு வந்து சேர்ந்த அந்த மத்தியானத்தை மறக்க மாட்டேன்.

அடுத்தது 'கொன்-டிக்கி' என்ற தெப்பப் பயணப் புத்தகம். இதை எனக்குச் சரியாக விளங்கப்படுத்தியவர் பக்கத்து வீட்டுப் பெரியப்பா. கள்ளப்பாட்டில் கரைவலை இழுத்தவர். 2004 சுனாமிக்குப் பிறகு மகளோடு முள்ளியவளைக்கு வந்துவிட்டார், கடலுக்குப் போவதில்லை. தோர் ஹெயர்டால் என்ற நோர்வேக்காரரும் இன்னும் ஐந்து பேரும் 1947இல் ஒன்பது பால்சா மரத்தடிகளைக் கயிற்றால் பிணைத்து, ஒரு ஆணிகூட அடிக்காமல், பெருவிலிருந்து பசிபிக் கடலில் இறங்குகிறார்கள். தென்னமெரிக்காவிலிருந்து பொலினீசியத் தீவுகளுக்குப் பழைய காலத்தில் மனிதர் போயிருக்கலாம் என்று காட்ட வேண்டும், அதுதான் நோக்கம். 101 நாள் மிதந்தார்கள். நான் இரவில் ஆங்கிலத்தில் வாசித்து, காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பெரியப்பாவுக்குத் தமிழில் சொல்வேன்.

"கடல் தெரிந்தவர்கள் எல்லாரும் எச்சரித்தார்களாம், பெரியப்பா. மரம் தண்ணீரை உறிஞ்சித் தாண்டுவிடும், கயிறு உரசி அறுந்துவிடும் என்று."

"காய்ந்த மரமோ, பச்சை மரமோ?"

நான் திகைத்துப்போனேன். ஏனென்றால் விசயமே அதில்தான் இருக்கிறது. அவர்கள் எக்குவடோர்க் காட்டில் வெட்டியது பச்சை மரம். உள்ளே இருந்த மரப்பால் தண்ணீரை உள்ளே விடவில்லை. கயிற்றுக் கதை இன்னும் அழகு. பால்சா மிருதுவான மரம். கயிறு உரசித் தேய்வதற்குப் பதிலாக மரத்துக்குள் புதைந்துவிட்டது. புதைந்த கயிற்றை எந்த அலையும் தொட முடியவில்லை. இதைச் சொன்னபோது பெரியப்பா பேசாமல் எழும்பிப்போய், கொட்டிலில் கிடந்த பழைய கட்டுமரத் தடி ஒன்றைக் காட்டினார். கட்டு விழுந்த இடத்தில் ஒரு விரல் ஆழத்துக்குத் தடம், எண்ணெய் பூசியதுபோல மினுங்கியது. "கடித்த கயிறு கழராது" என்றார். ஆங்கிலத்தில் 'கட்டமரான்' என்று சொல்வது நம் கட்டுமரத்தைத்தான் என்று அவருக்குச் சொன்னேன். சிரித்துவிட்டு, பிறகு ஏன் அவர்கள் எங்களைக் கேட்கவில்லை என்றார்.

பறக்கும் மீன்கள் இரவில் தெப்பத்தில் வந்து விழும், காலையில் சமையல்காரர் அவற்றைப் பொறுக்கிப் பொரிப்பார் என்ற இடம் பெரியப்பாவுக்கு மிகவும் பிடித்தது. ஹெயர்டாலின் கொள்கையை அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. பொலினீசியர் மேற்கிலிருந்து, ஆசியப் பக்கமிருந்து வந்தவர்கள். ஆனால் 2020இல் வந்த ஒரு மரபணு ஆய்வு, 1200ஆம் ஆண்டையொட்டி இரண்டு பக்கத்து மக்களும் சந்தித்துக் கலந்திருக்கிறார்கள் என்று காட்டியது. ஆக, கடலில் அந்த வழி பொய்யில்லை.

துருவப் பயணி ஷாக்கில்டனின் 'எண்டியூரன்ஸ்' கப்பலைப் பற்றி அல்பிரட் லான்சிங் 1959இல் எழுதியதையும் கட்டாயம் வாசியுங்கள். 1915இல் தென்துருவப் பனியில் கப்பல் சிக்கி நொறுங்கி மூழ்குகிறது. 28 பேர். நடந்தும் படகிலும் தப்ப வேண்டும். ஒருவருக்கு இரண்டு இறாத்தல் சொந்தச் சாமான்தான் என்று ஷாக்கில்டன் கட்டளை போடுகிறார். தன் பொற்காசுகளையே முதலில் பனியில் எறிகிறார். ஆனால் ஹசி என்பவரின் பாஞ்சோ வாத்தியம் 12 இறாத்தல் இருக்கும், அதை மட்டும் கட்டாயம் கொண்டுவரச் சொல்கிறார். மனதுக்கு மருந்து அது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

2008இல் நாங்கள் வீட்டை விட்டுக் கிளம்பிய காலையில் ஐயா உழவு இயந்திரப் பெட்டியில் கூரைத் தகரத்தையும் கதவு நிலைகளையும் ஏற்றிக்கொண்டிருந்தார். அம்மாவின் கையில் காணி உறுதியும் எங்கள் சான்றிதழ்களும் இருந்த பை. என் தம்பி மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஐயா ஏசினார். அம்மா எதுவும் சொல்லாமல் ஒரு தறப்பாள் துண்டால் அதைச் சுற்றி, நெல்மூட்டைக்கும் தகரத்துக்கும் நடுவில் செருகினார். மூன்று இடம் வரைக்கும் அது எங்களோடு வந்தது. தருமபுரத்தில் ஒரு இரவு மழையில், தறப்பாளின் கீழ் தம்பி அதை மெல்லத் தட்டினான். பக்கத்துக் கொட்டில் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து குந்தினார்கள். லான்சிங்கின் புத்தகத்தில் பாஞ்சோ வரும் பக்கத்தில் ஒரு மாவிலை வைத்திருக்கிறேன்.

28 பேரும் உயிரோடு திரும்பினார்கள் என்பது உலகத்துக்கே தெரிந்த முடிவு. தெரிந்திருந்தும் உதவி தேடிப் போன சின்னப் படகு 16 நாள் கடலில் தத்தளிக்கும் பக்கங்களை மூச்சுப் பிடித்துத்தான் வாசித்தேன்.

'உண்மை மனிதனின் கதை' எனக்குப் புதிய புத்தகமில்லை. மல்லாவியில் இருந்தபோது, மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் முதன்முதலாக வாசித்தது. போத்தலுக்குள் கொஞ்சப் பஞ்சு, அதில் ஊறிய சில கரண்டி எண்ணெய், கம்பியில் ஒரு திரி. ஒரு பக்கம் வாசித்தால் கண்ணில் தண்ணீர் வரும். சோவியத் காலத்துத் தமிழ் மொழிபெயர்ப்பு. வன்னியில் கை மாறிக் கை மாறி அட்டை தேய்ந்து போன புத்தகம். போரிஸ் பொலெவோய் 1946இல் எழுதியது. விமானி ஒருவர் 1942இல் பின்பனிக் காட்டுக்குள் விழுந்து, நசுங்கிய கால்களோடு 18 நாள் ஊர்ந்து வருகிறார். இரண்டு காலையும் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுகிறார்கள். பொய்க்காலோடு மறுபடி போர் விமானம் ஓட்டுகிறார். அலெக்செய் மரேசியெவ் என்ற உண்மையான விமானியின் கதை இது. எழுதியவர் போர்முனையில் அவரைச் சந்தித்துக் கேட்டு எழுதினார்.

இந்த வருசம் மறுபடி வாசித்துவிட்டு, எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓர் அண்ணைக்குக் கொடுத்தேன். விறகுக்குப் போய் மிதிவெடியில் ஒரு கால் இழந்தவர், இப்போது சைக்கிள் திருத்துகிறார். இரண்டு கிழமையால் திருப்பித் தந்தார். நடுவில் வரும் கட்சிப் பேச்சுகளைத் தள்ளிவிட்டாராம். நானும் அங்கே வேகமாகத்தான் போனேன். ஆனால் விமானி நடனம் பழகும் இடத்தை மூன்று தரம் வாசித்ததாகச் சொன்னார். ஆள்கள் பார்க்கும்போது சிரித்துக்கொண்டு ஆடிவிட்டு, தனியே போய் வலியோடு இருக்கும் இடம் அது. "தங்கச்சி, வார் இறுக்கின இடத்தில் தோல் உரிகிறதை இந்த மனிசன் எப்படி எழுதினான்?" என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தன் காற்சட்டையைக் கொஞ்சம் தூக்கி, பொய்க்காலுக்கு மேலே துணி சுற்றியிருந்த இடத்தைக் காட்டினார். வெயில் காலத்தில் வேர்வை சேர்ந்தால் பின்னேரத்துக்குள் புண்ணாகிவிடுமாம்.

நம் ஊரைப் பற்றிய ஒன்றும் சொல்ல வேண்டும். அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி', 1973இல் வீரகேசரி வெளியிட்டது. தண்ணிமுறிப்புக் குளத்தையும் காட்டையும் அதன் மனிதர்களையும் வைத்து எழுதிய நாவல். சாகசப் பட்டியலில் இது எப்படி வந்தது என்று கேட்பீர்கள். கதிராமன் பெருங்காட்டை வெட்டிச் சாய்த்து வயலாக்கும் பக்கங்களை வாசித்துப் பாருங்கள். அது கடல் தாண்டுவதற்குக் குறைந்த காரியமா? அதன் நாயகி பதஞ்சலியை வாசித்த பிறகு குளக்கட்டில் போகும்போது என் நடை மெதுவாகிவிட்டது. நூலகம் இணையத்தளத்தில் தேடினால் கிடைக்கும்.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை இரண்டாம் உலகப் போர்க் காலத்து மெடான், பினாங்குத் தெருக்களுக்காகவே வாசிக்கலாம். தொங்கான் என்ற சரக்குப் பாய்க்கப்பலில் போகும்போது வரும் புயலுக்கு ஈடாகத் தமிழில் நான் வாசித்ததில் வேறில்லை. முதல் ஐம்பது பக்கம் குழப்பும், விட்டுவிடாதீர்கள். ஜிம் கோர்பெட்டின் குமாயுன் புலிகளும் நல்ல வாசிப்பு, தமிழிலும் வந்திருக்கிறது. 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட சம்பாவத் புலியைச் சுட்ட பிறகு, அதன் வாயைத் திறந்து பழைய வெடிக்காயத்தில் உடைந்த பற்களை அவர் பார்க்கும் இடம் போதும். புலி ஏன் மனிதனிடம் வந்தது என்று அங்கே தெரிந்துவிடும்.

ஜோசுவா ஸ்லோகம் 1895இலிருந்து 1898வரை தனி ஆளாகப் பாய்க்கப்பலில் உலகைச் சுற்றியவர். அருமையாக எழுதுகிறார், அவருக்கு நீச்சல் தெரியாது என்பது இன்னொரு ஆச்சரியம். ஆனால் தென்னமெரிக்க முனையில் வாழ்ந்த மக்கள் வெறுங்காலோடு ஏறுவார்கள் என்று கப்பல் தட்டில் ஆணி பரப்பி வைத்ததைப் பெருமையோடு சொல்கிறார். அவர்கள் பக்கத்துக் கதை புத்தகத்தில் இல்லை. அந்த இடத்தில் எனக்கு மனம் ஒட்டவில்லை. அவர் புறப்பட்டதும் முதலில் தங்கிய குளொஸ்டர் துறைமுகத்துக்குத்தான் வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' 1938இல் நம் மாலுமிகளோடு போய்ச் சேர்ந்தது. அந்தப் பயணத்தை அந்த மாலுமிகளின் வாயால் சொல்லும் ஒரு புத்தகம் இருந்தால் 31ஐ 32 ஆக்கியிருப்பேன்.

சரி, தொடங்குவது எதிலிருந்து? தமிழில் வேண்டுமென்றால் 'நிலக்கிளி'. இரண்டு இரவில் முடியும். அதற்குப் பிறகு 'உண்மை மனிதனின் கதை'. ஆங்கிலம் கொஞ்சம் ஓடும் என்றால் லான்சிங்கை எடுங்கள், எளிய ஆங்கிலம். நொக்ஸைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்கும்போது அருவியாற்றின் படம் ஒன்றைப் பக்கத்தில் விரித்து வையுங்கள், ஒவ்வொரு நாளும் அவர் எவ்வளவு தூரம் வந்தார் என்று பென்சிலால் குறிக்கலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

புதுக்குடியிருப்புப் பக்கம் வந்தால் அப்படியே முள்ளியவளைக்கும் வாருங்கள், என்னிடம் இருப்பதை இரவல் தருகிறேன். கொன்-டிக்கியை மட்டும் இப்போது கேட்க வேண்டாம். பெரியப்பாவுக்கு மழைக்காலத்தில் பாதியில் நின்றுபோனதை மறுபடி சொல்லிக்கொண்டிருக்கிறேன். தெப்பம் இன்னும் ரரோயாப் பாறைத்திட்டுக்கு வரவில்லை, நாற்பது பக்கம் இருக்கிறது. முடிவைச் சொல்லக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.